35 டாலரும் ஒரு எண்ணெய் லேபிளும்

எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் வரைந்து கொடுக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. அச்சாகி, ஒட்டி, கடைக்கும் போய்விட்டது. படிப்பது பி.காம். என்றாலும் ஒரு வருடமாக சனி, ஞாயிறுகளில் கிராஃபிக் டிசைன் வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த வகுப்பின் கடைசிக் கட்டம், நிஜமான ஒரு வாடிக்கையாளருக்கு நிஜமான ஒரு வேலையை முடித்துக் கொடுப்பது. இல்லாத கம்பெனிக்கு லோகோ போட்டுக் காட்டுவதெல்லாம் செல்லாது. எனக்கு வாய்த்தவர் காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்துத் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறவர். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வருபவர்களுக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருந்தவர், இப்போது அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்.

(காங்கேயம் காளைக்கு மட்டும் பேர்போன ஊரல்ல. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் கொப்பரை என்று வாசித்துக்கொள்ளவும்.)

வேலை முடிந்தது என்று சொன்னதும் கூடப் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்ளோ குடுத்தாரு?" வகுப்பு அப்படி, என்ன செய்ய :-) ஆனால் அந்தக் கேள்வியை யோசிக்க யோசிக்க, "எதுக்குக் குடுத்தாரு?" என்பதுதான் பெரிய கேள்வியாகத் தோன்றியது.

டிசைன் வகுப்பில் எல்லோருக்கும் முதல் மாதமே சொல்லிவிடும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில், போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கரோலின் டேவிட்சன் என்ற டிசைன் மாணவி. அதே பல்கலைக்கழகத்தில் ஃபில் நைட் என்பவர் அக்கவுன்டிங் பாடம் எடுத்துக்கொண்டே, பக்கத்தில் ஜப்பான் ஷூக்களை வரவழைத்து விற்கும் சின்னக் கம்பெனி ஒன்றையும் நடத்திக்கொண்டிருந்தார். ஆயில் பெயின்டிங் வகுப்புக்குக் காசில்லை என்று அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தது வராந்தாவில் இவர் காதில் விழ, மணிக்கு 2 டாலர் தருகிறேன், என் கம்பெனிக்கு வேலை செய்து கொடு என்றாராம். 1971-ல் சொந்தமாக ஷூ கொண்டுவர முடிவானபோது அதற்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. டேவிட்சன் சிலவற்றை வரைந்து காட்டினார். நைட்டுக்கு எதுவும் பெரிதாகப் பிடிக்கவில்லை, ஆனால் ஷூ தயாராகிக்கொண்டிருந்தது, நேரமில்லை. இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பதினேழரை மணி நேரத்துக்கு 35 டாலர் பில். அந்தச் சின்னம்தான் நைக்கியின் ஸ்வூஷ்.

இதை ஒரு பெண் ஏமாந்த கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என்னால் அதை முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. பேசிய கூலியைக் கேட்டார், கிடைத்தது. அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கே பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. 1983-ல் அவரை அழைத்து, ஸ்வூஷ் வடிவத்தில் வைரம் வைத்த மோதிரமும் 500 பங்குகளும் கொடுத்தார்கள் என்பது கதையின் பிற்பகுதி. அதையும் சிலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். என்னை உறுத்துவது 35 அல்ல, பதினேழரை. மணிக்கணக்கு என்பது கை எவ்வளவு நேரம் அசைந்தது என்பதை அளக்கும். வாங்கியவர் கைக்கு என்ன வந்தது என்பதை அளக்காது. இதை ஒரு அக்கவுன்டிங் வாத்தியாரே செய்திருக்கிறார் பாருங்கள்!

நிற்க. நானும் ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுதி வைத்தேன், காஸ்ட் ஷீட் போட்டுப் பழகிய தோஷம். மொத்தம் 41 மணி நேரம். அதில் படம் வரைந்தது வெறும் 9. மீதி 32 மணி நேரம் எங்கே போனது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பெரும்பகுதி எழுத்துக்குப் போனது. எண்ணெய் பாட்டில் லேபிள் என்றால் படம், பெயர், பின்னால் ஒரு தென்னந்தோப்பு, அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நிகர அளவு, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் வருடம், எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி, புகாருக்கு ஃபோன் எண், சத்துப் பட்டியல், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளிக்கும் அளவு உண்டு. லேபிளின் முன்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் விட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர், அதற்கு மேல் 500 வரை 4 மில்லிமீட்டர். அரை லிட்டர் பாட்டிலில் ஒரு மில்லி லிட்டர் என்ன விலை என்பதையும் போட வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் வேண்டாம், அங்கே விலையும் லிட்டர் விலையும் ஒன்றுதானே.

இதில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. சட்டப்படி வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், கூடவே தமிழ் போட்டுக்கொள்ளலாம். செக்குக்காரருக்கோ முழுக்கத் தமிழில் வேண்டும். வாங்குகிறவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், அவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆக எல்லாமே இரண்டு முறை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் முடிகிற சமாச்சாரம் தமிழில் 'அதிகபட்ச சில்லறை விலை' என்று ரயில் மாதிரி நீள்கிறது. இத்தனையையும் உள்ளங்கை அகலத்தில் அடக்கிவிட்டு, பார்க்கிறவர் கண்ணுக்குக் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். வரைவதைவிட இதற்குத்தான் டிசைன் படிக்க வேண்டும் போல.

பிரஸ்ஸில் பட்ட பாடு தனி. அவர்களுடைய பழைய மென்பொருளில் யூனிகோட் தமிழ் போனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுத்துத் தப்பித்தேன்.

அடுத்தது ஒரு மத்தியானம் முழுக்கப் போன கதை. இரண்டு மாதிரிகள் எடுத்துப் போயிருந்தேன். ஒன்று கண்ணாடி போல உள்ளே தெரியும் ஸ்டிக்கரில் வெள்ளை எழுத்து. மற்றது வெள்ளைத் தாளில் கரும்பச்சை எழுத்து. கணினியில் பார்த்தபோதும் வகுப்பில் காட்டியபோதும் எல்லோரும் கைதட்டியது முதலாவதற்குத்தான். எண்ணெயே லேபிளுக்குப் பின்னணியாக நிற்பது அழகாகத்தான் இருந்தது. செக்குக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாட்டிலிலும் எண்ணெய் ஊற்றி, ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, "வாங்க தம்பி, சாப்ட்டுட்டு வந்து பாக்கலாம்" என்றார்.

சாப்பிட்டு, வெற்றிலை போட்டு (அவர்தான், நான் இல்லை), அவர் மகள் கல்யாணக் கதை பாதி வரைக்கும் வந்தபின் எடுத்துப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். உறைந்தால் வெள்ளை. வெள்ளையின் மேல் வெள்ளை எழுத்து. கடை அலமாரி தூரத்திலிருந்து பார்த்தால் அது பெயரில்லாத பாட்டில்.

"மார்கழி, தையில காலைல பத்து மணி வரைக்கும் இப்படித்தானுங்க நிக்கும். அப்பத்தான் யாவாரமும். ரெண்டாவதே இருக்கட்டும்."

முப்பது வருடம் எண்ணெய் ஆட்டியவரின் அறிவு அது. எந்த டிசைன் புத்தகத்திலும் இருக்காது. வாடிக்கையாளர் என்றாலே நம் அழகான வேலையைக் கெடுக்க வருகிறவர், 'லோகோவைப் பெருசாக்குங்க' என்கிறவர் என்று வகுப்பில் ஒரு நகைச்சுவை ஓடிக்கொண்டே இருக்கும். இவர் லோகோவைப் பெரிதாக்கச் சொல்லவேயில்லை.

அதற்காக அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். காளை விஷயத்தில் எங்களுக்குள் இரண்டு வாரம் இழுபறி. செக்கைச் சுற்றிக் காளை நடக்கிற மாதிரி படம் வேண்டும் என்பது அவர் ஆசை. செக்கு வாகை மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைச் சுற்றுவது மோட்டார். "அண்ணா, மாடு இல்லீங்களே" என்றேன். "அப்பா காலத்துல இருந்துச்சுங்க. எல்லாருமே காளைதான் போடறாங்க" என்றார். உணவு லேபிளில் தவறான எண்ணம் தரும் எதுவும் இருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் நான் விதியை எடுத்து விடவில்லை. வாங்குகிறவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அவர்களில் ஒருவர் செக்கைப் பார்க்க வந்து "காளை எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். அன்றைக்குக் கோபம்தான். பத்து நாள் ஃபோன் இல்லை. வேலை கைவிட்டுப் போனது என்றே முடிவு கட்டிவிட்டேன். பதினோராம் நாள் அழைத்து, "காளை வேண்டாம், வேற போடுங்க" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

'வேற' என்பது இப்படி ஆனது: பாதித் தேங்காய் மூடி, அதற்குள் சாய்ந்து நிற்கும் செக்கு உலக்கை. தேங்காயே உரல் என்பது என் கணக்கு. அவர் மனைவி பார்த்த மாத்திரத்தில், "தேங்காய்த் தொட்டி அகப்பையாட்டம் இருக்குதுங்க" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போனது. அவருக்கோ ஒரே சிரிப்பு, அதையே வைத்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

இனி பணம். "பிரஸ்ல குடுத்தா டிசைனு சும்மாவே போட்டுத் தர்றாங்களே தம்பி" என்று ஆரம்பத்திலேயே கேட்டவர்தான் அவர். பொய்யில்லை. அச்சடிக்கும் ஆர்டர் கொடுத்தால் பல இடங்களில் டிசைன் இலவசம், காகிதத்திலும் மையிலும் அதைச் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். காளை பிரச்சினை அவர்களிடம் வந்திருக்காது, கேட்ட காளையைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நான் வேலை தொடங்கும் முன்பே 8,000 ரூபாய் என்று மொத்தமாகப் பேசிக்கொண்டேன். 41 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 195 ரூபாய் சொச்சம் வருகிறது. இதைப் பில்லில் எழுதவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

பில் கொடுத்த அன்று அவர் கேட்ட கேள்விதான் எனக்கு விடை மாதிரி இருந்தது. "இந்தப் படத்த நாளைக்கு வேற செக்குக்காரருக்குக் குடுத்துற மாட்டீங்கல்ல?"

அவர் வாங்க நினைத்தது என் மணி நேரத்தை அல்ல, படத்தைக்கூட அல்ல, வேறு யாரும் அதைப் போட முடியாது என்கிற நிம்மதியை. நம் 1957 காப்புரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. சம்பள ஆளாக இல்லாமல் வெளியிலிருந்து ஒருவர் வரைந்து கொடுத்தால், பொதுவாக வரைந்தவர்தான் முதல் உரிமையாளர் (காசு கொடுத்து எடுக்கச் சொல்லும் ஃபோட்டோ, பெயின்டிங் போன்ற சிலவற்றுக்கு வேறு விதி). பணம் கைமாறியதாலேயே உரிமை கைமாறிவிடாது. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே காலம், இடம் இரண்டையும் போட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பெயரை டிரேட்மார்க்காகவும் பதிவு செய்துகொள்ளுங்கள், சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பில் வரும் என்றும் சொன்னேன். ஆடிட்டரிடம் கேட்டுச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆடிட்டர் என் 8,000 ரூபாயைச் செலவுக் கணக்கில்தான் எழுதுவார். ஏ.எஸ். 26 படித்தவர்களுக்குத் தெரியும், தானே வளர்த்த பிராண்டைச் சொத்து என்று பேலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாது. கோகோ கோலா 1993-ல் பார்லேயிடமிருந்து தம்ஸ் அப்பை வாங்கியது போல விலை கொடுத்து வாங்கினால்தான் காட்டலாம். ஆக, செக்குக்காரர் நாளைக்கே மாவட்டம் முழுக்க விற்றாலும் அந்தத் தேங்காய் மூடிக்கு அவர் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம்தான். பரீட்சைக்குப் படித்தபோது வெறும் வரியாக இருந்தது, இப்போது கொஞ்சம் வலிக்கிறது.

கடிதத்தில் படம் இன்னதென்று வார்த்தையில் சொல்ல வேண்டியிருந்தது. 'பாதித் தேங்காய் மூடியும் அதனுள் செக்கு உலக்கையும் கொண்ட சின்னம்' என்று எழுதியிருந்தேன். வாசித்தவர், "இப்படி எழுதினா யாருக்குங்க புரியும்? கடையில அகப்பை எண்ணெய்னுதான் கேக்கறாங்க" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். அடைப்புக்குறிக்குள் 'அகப்பை மார்க்' என்று சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்து கடலை எண்ணெய் பாட்டில் வருகிறதாம். நிறத்தை மட்டும் மாற்றினால் போதும், படம் அப்படியே இருக்கட்டும் என்கிறார். "அண்ணா, கடலை எண்ணெய் மேல தேங்காய் மூடி எப்படீங்க?" என்று கேட்டேன்.

"அது அகப்பைதானுங்க தம்பி."