அவசரமில்லாமல் சிங்கப்பூர்

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைகளின் பெயர்களும் விலைகளும்தான் பதிலாக வரும். விடியற்காலையில் பாலம் தாண்டி, நாலைந்து இடங்களுக்கு ஓடி, இரவு பத்து மணிக்கு மறுபடி வரிசையில் நின்று, நள்ளிரவுக்குப் பின் வீடு வந்து சேருகிற பயணம் அது. பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். வயதானவர்கள் மறுநாள் முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படிப் போவதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், என் கணவர், பிள்ளைகள் இருவர், எழுபத்தெட்டு வயதான என் அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஆகவே அந்த முழங்காலையே கடிகாரமாக வைத்துத் திட்டம் போட்டோம். மூன்று பகல், இரண்டு இரவு. ஒரு வேளைக்கு ஓர் இடம். மதியம் கட்டாயம் ஓய்வு. பிள்ளைகள் கேட்ட கேளிக்கைப் பூங்காவை இம்முறை விட்டுவிட்டோம். அவர்களுக்கு மனத்தாங்கல்தான். ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும்போது, ஐந்து பேர் அதற்குள் நுழைகிற பணத்தில் லிட்டில் இந்தியாவில் சிறு விடுதி ஒன்றில் இரண்டு இரவைக் கழித்துவிடலாமே!

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். நேதாஜி பேசிய இடத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவின் சின்னம்மா ஒருவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், 1943-இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து சிங்கப்பூர் போனவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. அறுபதுகளில் ஒருமுறை கல்யாண வீட்டுக்கு அம்மா சிங்கப்பூர் போயிருக்கிறார். அப்போதெல்லாம் கடப்பிதழ் இல்லாமலே பாலத்தைத் தாண்டலாம். குடிநுழைவுச் சோதனை 1967-இல்தான் வந்தது. கல்யாணம் முடிந்ததும் மாலையே திரும்பிவிட்டார்களாம்.

முதலில் பாலத்தைப் பற்றி. 1924-இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆனால் அதைக் கடக்க அரை மணியும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும். வெள்ளிக்கிழமை மாலையையும் விடுமுறையின் முதல் நாளையும் தவிருங்கள். நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் அடங்கிய பிறகு, ஒன்பதரை மணிக்கு மேல் கிளம்பினோம். லார்க்கினிலிருந்து 170-ஆம் எண் பேருந்து லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலுள்ள குவீன் ஸ்திரீட் நிலையம் வரை போகிறது. இரண்டு பக்கச் சாவடியிலும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி ஏற வேண்டும். ஆகவே ஆளுக்கு ஒரு பை போதும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற பக்கம் எதுவானாலும் அது அரசாங்கத்தினுடையது அல்ல. கட்டுச்சோறாக எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனோம். சூயிங்கம் மட்டும் பையில் இருக்கக்கூடாது. 1992 முதல் அங்கே தடை.

மதியம் தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு லிட்டில் இந்தியாவுக்குள் நடந்தோம். தேக்கா என்றுதான் நம் பெரியவர்கள் சொல்வார்கள். மூங்கில் புதரடி என்ற பொருளுடைய சீனச் சொல் அது. பக்கத்திலேயே பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இரண்டு தெருக்கள். ஒன்று ஆங்கிலத்தில் எருமை, மற்றது மலாயில் எருமை! ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டில்களும் மாட்டு வியாபாரமுமாக இருந்த பகுதி. அந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். இன்று அங்கே பூக்கட்டும் கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்திருக்கின்றன. தேக்கா சந்தையின் உணவங்காடியில் பிரியாணி சாப்பிடுங்கள். சைவம் என்றால் 1947-இலிருந்து நடந்துவரும் கோமள விலாஸ் இருக்கிறது.

கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தை அவசியம் பாருங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. உள்ளே செட்டிநாட்டு வாசற்கதவு ஒன்று நிற்கிறது. நுணுக்கமான மரச் சிற்பங்கள் நிறைந்தது. என் மகள் அதை விட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பிறகு சிராங்கூன் சாலையில், 1855-இல் தோன்றிய ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் மாலைப் பூசை. நண்பகலில் கோயில்களை நடைசாத்திவிடுவார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இந்தப் பக்கம் கூட்டம் தாங்காது. தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிற நாள் அது. முதியவர்களோடு போகிறவர்கள் வேறு நாளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பது நமக்கு அழகல்ல. நம் தாத்தாக்கள் கப்பலில் வந்து இறங்கிய அன்று இப்படித்தானே நின்றிருப்பார்கள்?

இரண்டாம் நாள் காலைதான் எங்கள் பயணத்தின் உயிர். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து பெருவிரைவு ரயிலில் ஒரே நிறுத்தம், டோபி காட். ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பைக் கேட்டும், பலகைகளில் தமிழைப் படித்தும் என் மகன் துள்ளினான். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. வகுப்பறைக்கு வெளியே, அரசாங்கப் பலகையில் தன் எழுத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு நான் தனியாக மொழிப்பற்றுப் பாடம் நடத்த வேண்டியதில்லை. டோபி காட் என்பது வண்ணான் துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய நீரில் துவைத்து, பக்கத்துத் திடலில் காயவைத்தார்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கேத்தே கட்டடத்தின் முகப்பு. 1939-இல் எழுந்த திரையரங்கு அது. பழைய கட்டடத்தில் முகப்பை மட்டும் தேசிய நினைவுச்சின்னமாகக் காத்து வைத்திருக்கிறார்கள். 1943 ஜூலை 4-ஆம் தேதி, ராஷ் பிகாரி போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தது இந்தக் கட்டடத்தில்தான். அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை நேதாஜி அறிவித்ததும் இங்கேதான். மறுநாளே வாட்டர்லூ தெருவில், இங்கிருந்து சற்றுத் தொலைவில், லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. அதில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனவர்கள். அதுவரை தோட்டத்து எல்லையைத் தாண்டியிராத பெண்கள் காற்சட்டை போட்டுத் துப்பாக்கி பிடித்தார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய தாவல்!

அம்மா தெருவின் இந்தப் பக்கம் ஒரு கட்டையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னம்மா இதுக்குள்ள வந்திருப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "தோட்டைக் கழற்றிக் குடுத்தேன்னு சொல்வாங்க. எங்கன்னு நான் கேட்டுக்கவே இல்ல" என்றார். பிள்ளைகள் அப்போதுதான் பாட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகு கேளிக்கைப் பூங்காவைப் பற்றிய பேச்சு குறைந்துபோனது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து தேசிய அரும்பொருளகம். 1887-இல் கட்டிய வெள்ளை மாளிகை. பராமரிப்புக்காகச் சில கூடங்களை மூடுவது உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். இங்கே பார்க்க வேண்டியது ஒரு கல். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் ஐம்பது வரி அளவுக்கு எழுத்துகளோடு ஒரு பெரும்பாறை இருந்தது. 1843-இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்றே இன்று இருக்கிறது. அந்த எழுத்தை இதுவரை யாரும் உறுதியாகப் படித்ததில்லை. 2019-இல் ஆய்வாளர் ஒருவர், அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் தெரிவதாகவும், அது சோழ மன்னர்களின் பரகேசரிவர்மன் பட்டமாக இருக்கலாம் என்றும் எழுதினார். முடிவான கருத்தல்ல. ஆனாலும் 1025-இல் கடாரத்தின் மீது படையெடுத்த இராசேந்திரனைப் பாடத்தில் படித்த பிள்ளைகளுக்கு இது போதுமே! அந்தக் கல்லுக்கு முன்னால் ஆளுக்கோர் ஊகம் சொல்லி அரைமணி நேரம் வாதாடினார்கள்.

பக்கத்தில்தான் ஃபோர்ட் கேனிங் குன்று. மலாய் மக்கள் இதைப் 'புக்கிட் லாராங்கான்', தடைசெய்யப்பட்ட குன்று என்றார்கள். பண்டைய அரசர்களின் இருப்பிடம் என்று நம்பி ஏற அஞ்சினார்கள். 1928-இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது பதினான்காம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. 1984-இல் முறையான அகழாய்வு தொடங்கியது. மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா சிங்கப்பூரிலிருந்து போனவர் என்று நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்களே, அந்தக் காலத்து மண் இது. பிரம்மாண்டமான இடிபாடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்குக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குதான் ஏற்றது. இங்கே மரநிழலும் பெஞ்சும் தாராளமாகக் கிடைக்கும். அம்மா கீழேயே அமர்ந்துகொண்டார்; நாங்கள் முறைவைத்து ஏறி இறங்கினோம். குன்றின் மறுபக்கம் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், 1859-இல் செட்டியார்கள் எழுப்பியது. தைப்பூசத்தன்று காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து இங்கேதான் வந்து சேருகின்றன.

மாலையில் எஸ்பிளனேட் பூங்கா. அங்கே நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம் இருந்தது. போர் முடிந்து திரும்பிய ஆங்கிலேயர் சில வாரங்களிலேயே அதை இடித்துவிட்டார்கள். 1995-இல் சிங்கப்பூர் அரசு அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்தது. எதிரேயுள்ள பாடாங் திடலில்தான் 1943 ஜூலை 5-ஆம் தேதி நேதாஜி படையைப் பார்வையிட்டு, டில்லிக்குப் புறப்படுங்கள் என்று முழங்கினார். அம்மா அந்தப் புல்தரையைக் கையால் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். வேறொன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் கடற்கரை. செந்தோசாவின் மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா 1966-இல் தொடங்கிய பணியில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். இரண்டும் அழகுதான், மிதிவண்டி ஓட்ட ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு நிகரில்லை. ஆனால் அமைதியாக உட்கார வேண்டும் என்றால் நான் சாங்கியைத்தான் சொல்வேன். தானா மேரா நிலையத்தில் இறங்கி 2-ஆம் எண் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். அங்காடியில் நாசி லெமாக் வாங்கிக்கொண்டு கரைக்கு நடந்தால், பழைய மரங்களின் நிழல், சிறு அலை, நேர் எதிரே புலாவ் உபின் தீவு, அதற்கு அப்பால் நம் ஜொகூர்க் கரை. இதே கரையில் 1942 பிப்ரவரி 20-ஆம் தேதி ஜப்பானியர் அறுபத்தாறு சீனர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கான நினைவுப் பலகையைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்து வந்து கேட்டார்கள். சொன்னேன்.

நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் பாலத்தைப் பிடிக்கலாம் என்று கணவர் கணக்குப் போட்டிருந்தார். அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, தண்ணீரில் காலை நனைத்தபடி நின்றார். முழங்கால் வலி தெரியவில்லை என்றார். "அடுத்த பஸ்ஸுல போலாமே" என்றார். அடுத்ததும் போனது. அதற்கும் அடுத்ததில் ஏறினோம்.