அவிழ்த்த பின்னரே தொழுகை



பயணத்தின் ஒழுக்கங்களைக் கற்பிக்கும்போது மாணவர்களுக்கு நான் தவறாமல் எடுத்துரைக்கும் செய்தி ஒன்று உண்டு. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. பயணத்தில் ஓரிடத்தில் இறங்கினால், ஒட்டகங்களின் முதுகிலிருந்து சேணங்களை அவிழ்த்து இறக்காமல் நபித்தோழர்கள் தொழ நிற்பதில்லை என்பது அதன் சாரம். இங்கே குறிக்கப்படுவது உபரித் தொழுகை என்று அறிஞர்கள் விளக்குவர். பல ஆண்டுகளாக நானும் அப்படியே விளக்கி வந்தேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், நான் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவேன். ஒரு மே மாதக் காலையில் மட்டும் அந்தச் செய்தியைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கதையைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

எங்கள் அத்தா கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்துப் பிழைத்தவர். ஏரியைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையே அவருடைய வாழ்நாள் பாதை. இராவுத்தர் என்னும் எங்கள் குலப்பெயரே குதிரை வீரரைக் குறிப்பதுதான் என்று அவர் பெருமையோடு சொல்வார். நான் ஓதப் போனேன். பட்டயம் பெற்று மத்ரஸா ஆசிரியன் ஆனேன். குதிரை வாசனை என்னைவிட்டு அகன்றுவிட்டதாகவே எண்ணியிருந்தேன். ஆனால் அத்தாவின் முழங்கால்கள் தேய்ந்து அவர் கட்டிலோடு அடங்கிய ஆண்டில், கோடைப் பருவத்தின் இரண்டு மாதங்களுக்கு மட்டும் குதிரைகளை நான் கவனிப்பது என்று வீட்டில் முடிவாயிற்று. ஃபஜ்ருக்குப் பின் மத்ரஸா. பத்து மணிக்கு மேல் ஏரிக்கரை. உதவிக்கு ஓர் இளைஞன் இருந்தான்.

எங்களிடம் இருந்தவை இரண்டு குதிரைகள். ஒன்று பழகிய கிழட்டு ஆண்குதிரை. மற்றொன்று, முந்தைய ஆண்டு ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய சிறிய பெண்குதிரை. சிட்டு என்று பெயர். வயிறு பீப்பாய் போல் உருண்டிருக்கும். முதுகு அகன்று தட்டையாக இருக்கும். இறந்துபோன பழைய குதிரையின் சேணத்தையும், அச்சேணத்தை வயிற்றின் அடியில் கொணர்ந்து பிணைக்கும் வாரையும் அதற்குப் பூட்டினோம். சேணம் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முன்னோக்கி வழுக்கித் தோள்மீது ஏறியது. முதுகில் அமர்பவர்களோ பெரும்பாலும் குழந்தைகள். ஒரு குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் நான் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினேன். அதுவும் போதவில்லை என்று இன்னொரு துளை.

சிட்டுவின் குணம் மாறத் தொடங்கியது. வாரைக் கையில் எடுத்தாலே காதுகளைப் பின்னால் மடக்கும். திரும்பிப் பல்லைக் காட்டும். மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். ‘திமிர் பிடித்த குதிரை’ என்றேன். ஒரு நாள் அஸர் நேரத்தில் அதனை மரத்தடியில் கட்டிவிட்டு, சேணத்தைத் தளர்த்தாமலேயே பள்ளிவாசலுக்குச் சென்றேன். திரும்பி வந்தபோது ஒரு குடும்பம் காத்திருந்தது. சிறுமியைத் தூக்கிச் சேணத்தில் வைக்கும் வேளையில் வார் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். சிட்டு சட்டெனத் திரும்பி அச்சிறுமியின் கைச்சட்டையைக் கவ்வியது. துணி மட்டுமே கிழிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் கையை ஓங்கி அதன் முகத்தில் அறைந்துவிட்டேன்.

அன்றிரவு சேணத்தை இறக்கிய இளைஞன் என்னை அழைத்தான்: “உஸ்தாத், இங்கே வந்து பாருங்கள்.” முன்னங்கால் உடலோடு சேரும் மூட்டுக்குப் பின்புறம், வார் கடக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மயிர் உதிர்ந்து தோல் உரிந்திருந்தது. மறுபுறம் வீங்கிச் சூடாக இருந்தது. நான் தொட்டதும் அதன் உடல் முழுவதும் நடுங்கியது.

மறுநாள் காலை வகுப்பில், திட்டமிடாமலேயே, அந்த அனஸ் (ரலி) அவர்களின் செய்திதான் பாடமாக வந்தது. வழக்கம்போல் விளக்கி முடித்தேன். பத்து வயதுள்ள ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “உஸ்தாத், அவர்கள் ஏன் முதலில் தொழவில்லை? தொழுதுவிட்டு அவிழ்த்தால் என்ன?” அவன் ஒன்றும் அறியாமல்தான் கேட்டான். எனக்கு நாவு எழவில்லை. முந்தைய நாள் அஸரில் நான் நின்ற தொழுகையும், மரத்தடியில் நின்ற சிட்டுவும் கண்முன் வந்தன. பிராணியின் முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக முஸ்லிம் தொகுப்பில் வரும் நபிமொழியையும் அதே மாணவர்களுக்கு நான் கற்பித்திருக்கிறேன். “நாளை சொல்கிறேன்” என்று வகுப்பை முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் அனைத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியோடு தம்மை முற்றத்துக்குத் தூக்கிச் செல்லச் சொன்னார். சிட்டுவின் கழுத்தைத் தடவி, அதன் விலாவின் அடியில் உள்ளங்கையை மெல்லக் கொண்டுசென்றார். “தம்பி, சந்தையில் குதிரையின் பல்லைப் பார்த்தோம், குளம்பைப் பார்த்தோம். வார் உட்காரும் பள்ளத்தைப் பார்த்தோமா?” என்றார்.

அவர் அன்று விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால், விலாக்கூடு மிகவும் குறுகும் இடம் ஒன்று உண்டு. எந்த வாரைக் கட்டினாலும் நடக்க நடக்க அது அந்தப் பள்ளத்தைத் தேடியே போகும். பெரும்பாலான குதிரைகளில் அது மூட்டிலிருந்து ஏறத்தாழ நான்கு விரற்கடைக்குப் பின்னால் இருக்கும். சேணத்திலிருந்து வார் நேராகக் கீழிறங்கி அங்கே அமரும். உருண்ட வயிறுடைய சில குதிரைகளுக்கோ அந்தப் பள்ளம் மூட்டை ஒட்டி மிகவும் முன்னால் அமைந்துவிடும். சேணம் இருக்க வேண்டிய இடம் பின்னால். வார் போகத் துடிக்கும் இடம் முன்னால். பின்புறம் பெருத்த வயிறு வாரை மேலும் முன்னே தள்ளும். வார் தன்னோடு சேணத்தையும் இழுத்துச் செல்லும். இதற்கு இறுக்கம் மருந்தன்று. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு ஆழமாக அது மூட்டின் பின்புறத்தை அறுக்கும். “நீ கட்டியது அதன் வயிற்றை அன்று, அதன் நடையைக் கட்டினாய்” என்றார் அத்தா.

புண் ஆறி, புதிய மயிர் முளைக்கும் வரை சேணமே வைக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவரும் சொல்லிவிட்டார். வார் பூட்டும்போது சீறும் குதிரைக்கு வயிற்றுப்புண் போன்ற உள்நோயும் இருக்கலாம் என்று அதனையும் சோதித்தார். அந்நோய் இல்லை; குற்றம் முழுவதும் வாருடையது, அதாவது என்னுடையது. மே மாதத்தின் நடுவில் பதினெட்டு நாட்கள் சிட்டு சும்மா நின்றது. என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்த வருமானத்தையே நம்பியிருந்தேன். கடன் வாங்கினேன். அந்தக் கடன் எனக்கு உறுத்தவில்லை. கடனைத் தவிர வேறு தண்டனை இல்லாமல் போனதே உறுத்தியது.

பொருத்தமான வாரைத் தேடியதில் மூன்று முறை முயல வேண்டியிருந்தது. முதலில், தடித்த நைலான் பட்டைக்குப் பதிலாகக் குட்டையான தோல்வார் வாங்கினேன். தோல் மென்மையாகவே இருந்தது. ஆனால் நீளம் குறைந்ததால் பக்கிள்கள் மிகச் சரியாக மூட்டின் பின்னாலேயே வந்து அமர்ந்தன. இரும்பு இருந்த இடத்தில் இரும்பே இருந்தது. அடுத்து, அதே வாருக்கு ஆட்டுரோம உறை மாட்டினேன். மெத்தென்று இருந்தது, ஆனால் அதன் பருமன் முன்னங்கால் பின்னோக்கி வரும் வழியை அடைத்தது. ஓரடி வைத்ததுமே சிட்டு நடையைச் சுருக்கிக்கொண்டது. மென்மை வேறு, பொருத்தம் வேறு என்று அன்று அறிந்தேன்.

மூன்றாவதாக, தோல் வேலை தெரிந்த முதியவர் ஒருவரிடம் அத்தா சொன்ன அமைப்பில் செய்யச் சொன்னேன். அந்த வார் நேர்கோட்டில் இராது; பிறைபோல் வளைந்திருக்கும். நெஞ்செலும்பின் அடியில் வரும் நடுப்பகுதி அகன்று, முன்னோக்கி வளைந்து, பள்ளத்தில் அமரும். இரு முனைகளும் பின்னோக்கிச் சென்று சேணத்தைச் சேரும். மூட்டுகளுக்குப் பின்னால் மட்டும் இருபுறமும் குறுகலாக வெட்டப்பட்டிருக்கும். உட்புறம் பருத்தித் துணி. வியர்வையை உறிஞ்சும், துவைக்கவும் எளிது. அளவெடுக்கும்போது சேணத்தை உரிய இடத்தில் வைத்து, ஒரு பக்கத்துத் துளையிலிருந்து வயிற்றின் அடியாக மறுபக்கத்துத் துளைவரை நாடாவால் அளந்தோம். பக்கிள்கள் இருபுறமும் ஒரே உயரத்தில், மூட்டைவிட்டு நன்கு மேலே நிற்க வேண்டும். இருபுறமும் இரண்டு மூன்று துளைகள் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அத்தாவின் கணக்கு.

பூட்டும் முறையும் மாறியது. ஒரே மூச்சில் இறுக்குவதில்லை. முதலில் தளர்வாக மாட்டி, சிறிது நடக்கவிட்டு, ஒரு துளை. பிறகு சவாரிக்கு முன் இன்னொரு துளை. முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னோக்கி நீட்டிவிட்டால் வாரின் அடியில் சிக்கிய தோல் மடிப்பு நீங்கும். கடைசியில் வாருக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். மாலையில் சேணத்தை இறக்கியதும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஓரிடம் மட்டும் சூடாகவோ, மயிர் கலைந்தோ இருந்தால் வார் அங்கே அழுத்துகிறது என்று பொருள். கண் காணாததைக் கை காணும்.

புதிய வாரோடு சிட்டு ஏரியைச் சுற்றிய முதல் நாள், பாதித் தூரத்தில் நின்று பார்த்தேன். சேணம் வைத்த இடத்தில் இருந்தது. முன்னங்கால்கள் நீண்டு விழுந்தன. காதுகள் முன்னோக்கி இருந்தன. எனினும் வாரைக் கையில் எடுக்கும்போது அது காதை மடக்கும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. பல வாரங்கள் பிடித்தன. புண் ஆறிய பின்னும் புண்ணின் நினைவு ஆறவில்லை.

மறுமையில் உரிமைகள் உரியவர்களிடம் சேர்க்கப்படும்போது, கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்தும் பழி தீர்க்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். மனிதனுக்குத் தீங்கு செய்தால் அவன் வாசலில் நின்று ‘எனக்கு ஹலால் ஆக்கிவிடுங்கள்’ என்று கேட்கலாம். சிட்டுவிடம் நான் எப்படிக் கேட்பேன்? அறைந்த முகத்தைத் தடவிக்கொடுத்தேன். அது என் தோளில் மூக்கை வைத்தது. அது மன்னிப்பா, தீனிக்கான எதிர்பார்ப்பா என்பதை அல்லாஹ்வே அறிவான். தவ்பா செய்தேன். இன்றும் அந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக நான் எண்ணுவதில்லை.

உருது மொழியில் இந்த வாருக்குத் ‘தங்’ என்று பெயர். இறுக்கம், நெருக்கடி என்பதும் அச்சொல்லுக்குப் பொருள். இறுக்குகிறவன் கையில் அது வெறும் தோல்; இறுக்கப்படும் உடலுக்கே அது நெருக்கடி. நம் வீடுகளில் நம் பொறுப்பில் இருப்பவர்கள் முகம் சுளிக்கும்போது, திமிர் என்று சொல்வதற்கு முன் நம் கையிலுள்ள வாரை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அந்த மாணவனுக்கு மறுநாள் பதில் சொன்னேன்: “நம்மைச் சுமந்து வந்த உயிர் சுமையோடு நிற்கும்போது, நாம் மட்டும் இளைப்பாறித் தொழ நிற்பதற்கு அவர்கள் கூச்சப்பட்டார்கள்.” பிறகு, ஏரிக்கரையில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். வகுப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தது.

இப்போது குதிரைகளை என் தம்பி கவனிக்கிறான். அஸர் பாங்கு ஒலிக்கும்போது ஏரிக்கரைப் பக்கம் போனால், அவன் முதலில் சிட்டுவின் வாரைத் தளர்த்துவதையும், பிறகு உளூ செய்யப் போவதையும் காணலாம்.

வாயில்லா ஜீவன்களின் உரிமைகளைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.