பாட்டுப் பெட்டியும் பாட்டாளியின் விரலும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவது வேறு. அதனை உடைமையாக்கிக் கொள்வது வேறு. இவ்விரண்டும் ஒன்றே என்று நம்பும்படி சந்தை எம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. கடையில் வாங்கிய பெட்டியைத் திறக்க முடியாது. பழுதானால் திருத்த முடியாது. அது எப்போது வழக்கொழிய வேண்டும் என்பதையும் விற்றவனே தீர்மானிக்கிறான். இதை உடைமை என்று சொல்வதெப்படி?

பாட்டுக் கேட்கும் கருவிகளின் அண்மைக்கால வரலாறே இதற்குப் போதிய சான்று. 2001 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அப்பிள் நிறுவனம் ஐபொட் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதன் மேலோட்டில் ஓர் ஆணிகூட இல்லை. உள்ளேயிருந்த பற்றரி தேய்ந்தால் சாதாரண மனிதன் மாற்றக்கூடியதாய் அது அமைக்கப்படவில்லை. 2003 இல் அதே நிறுவனம் இணையத்திற் பாடல்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கிய பாடலுக்கும் பூட்டுப் போட்டே கொடுத்தது. அப்பூட்டு அகல 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 மே மாதத்தில் ஐபொட்டின் கதையும் முடிந்தது. இன்று பாடல் விற்கப்படுவதுகூடப் பெரும்பாலும் இல்லை; மாதவாடகைக்கு விடப்படுகிறது. வாடகை நின்றால் பாட்டும் நின்றுவிடும். குத்தகை நிலத்தின் கதையை அறிந்த எம்மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் நாம் வெகுகாலம் மேடையிலும் வகுப்பிலும் பேசிவந்தவைதாம். பேச்சைச் செயலாக்கும் தேவை எமக்கு ஓர் அண்ணாவியார் மூலம் வந்தது.

வன்னிப் பக்கத்துக் கிராமமொன்றில் வாழும் அம்முதியவர், காத்தவராயன் கூத்தை ஊரூராகப் பழக்கி ஆடியவர். சாதி கடந்து காதலித்ததற்காகக் கழுமரம் காணும் ஒருவனின் கதையை எமது கிராமத்து உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாக விடியவிடிய ஆடிவந்திருக்கிறார்கள் என்பது சாதாரண செய்தியன்று. 1980களில் அவரது குழுவின் ஆட்டத்தை யாரோ ஒலிநாடாக்களிற் பதிந்து வைத்திருந்தார்கள். இடப்பெயர்வுகள் தோறும் பொலித்தீன் பையிற் சுற்றிச் சுமக்கப்பட்ட அந்நாடாக்களில் எஞ்சியவை பதினெட்டு. பாடியவர்களிற் பலர் இன்று இல்லை. அவர்களின் குரல் பழுப்பு நிற நாடாவின் காந்தத் துகள்களில் மட்டுமே இருந்தது. அத்துகள்களும் உதிரத் தொடங்கியிருந்தன.

நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதிற் சூட்சுமம் ஒன்றுமில்லை, பொறுமையே வேண்டும். பழைய ஒலிப்பதிவுக் கருவியின் தலையைத் துப்புரவு செய்து, அதனைக் கணினியுடன் இணைத்து, ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பதிந்தோம். அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம், குறுக்கு வழியில்லை. செக்கனுக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிற்று என்ற இறுவட்டுத் தரத்தில் பதினெட்டு நாடாக்களும் ஏறக்குறைய 11 ஜிகாபைற் இடத்தைப் பிடித்தன.

அண்ணாவியாரின் பேரன் அவற்றைத் திறன்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். இங்கேதான் நாம் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. கிழவரின் விரலைத் திரை ஏற்கவில்லை! அவர் தொட்டார், அழுத்தினார், தட்டினார், பாட்டு அசையவில்லை. பேரன் தொட்டதும் பாடியது. தமது தள்ளாமையே காரணமென்று அவர் வெட்கப்பட்டார். உண்மை அதுவன்று.

இன்றைய திறன்பேசித் திரைகள் மின்கொள்ளளவு மாற்றத்தை உணர்ந்து இயங்குபவை. ஈரப்பற்றுள்ள மெல்லிய விரல் அணுகும்போது திரையின் மின்புலம் சற்று மாறும். அம்மாற்றத்தையே கருவி அளக்கிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, உலர்ந்த தடித்த தோலாயின் அம்மாற்றம் மிகக் குறைவு. கருவி சிலவேளை அதனைத் தொடுகையாகவே கருதுவதில்லை. அறுபது வருட உழைப்பு அந்த விரல்களிற் படிந்திருந்தது. அந்த உழைப்பையே அக்கருவி குற்றமாக்கிவிட்டது. யாருடைய விரலை மனத்திற் கொண்டு இவை ஆக்கப்படுகின்றன என்ற கேள்வி எம்மை விட்டு அகலவில்லை.

ஆகவே, அவருடைய விரலுக்கேற்ற பெட்டியை நாமே செய்வதென்று தீர்மானித்தோம். நாம் என்பது இக்கட்டுரையாசிரியரும், உயர்தர வகுப்பில் இலத்திரனியலில் நாட்டங்கொண்ட ஒரு மாணவியும் இரு மாணவரும்.

பெட்டிக்கு மூளையாக அமைந்தது ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி. பணம் வைக்கும் அட்டையளவே உள்ள இந்த ஒற்றைப் பலகைக் கணினி, பிள்ளைகள் கணினியின் உள்ளியல்பைக் கற்க வேண்டுமென்ற நோக்கத்தோடு 2012 பெப்ரவரி 29 இல் பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது. அன்று அதன் விலை 35 டொலர். எமது நாட்டில் 2022 இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவாயிற்று. ஏழாயிரம் ரூபாப் பொருள் சில மாதங்களிற் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிய கதை இதுதான். நாம் பயன்படுத்தியது, படிப்பை முடித்த ஒருவர் மலிவாகத் தந்த, 2016 இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பலகை.

திரையாக, மூன்றரை அங்குலமுள்ள மலிவான தொடுதிரையைத் தேர்ந்தோம். இது தடையின் அடிப்படையில் இயங்குவது. ஒளிபுகும் இரு மென்படைகள். அவற்றின் உட்புறங்களில் மின்னைக் கடத்தும் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுப் பூச்சு. இரண்டும் ஒட்டாதபடி இடையே நுண்புள்ளிகள். அழுத்தும்போது படைகள் ஓரிடத்தில் தொடும். ஒரு படையின் இரு அந்தங்களுக்கிடையே வோல்ற்றளவைக் கொடுத்து, தொட்ட இடத்தின் வோல்ற்றளவை மற்றப் படையால் அளந்தால், தொடுகை எவ்வளவு தூரத்தில் நிகழ்ந்தது என்பது தெரிந்துவிடும். ஒருமுறை அகலவாக்கில், மறுமுறை நீளவாக்கில். சாதாரண தர மாணவர் பரீட்சைக்காக மனனம் செய்யும் ஓமின் விதி இங்கே உயிர்பெற்று வேலை செய்கிறது! இத்திரைக்கு விரலின் ஈரம் வேண்டியதில்லை. நகத்தால் அழுத்தலாம், ஈர்க்கால் அழுத்தலாம். சந்தையில் இது பழையது, தரங்குறைந்தது என்று ஒதுக்கப்படுகிறது. உழைப்பாளியின் கைக்கு இதுவே உயர்ந்தது.

ஒலிக்கு வேறொரு சிறு பலகை தேவைப்பட்டது. இக்கணினியின் சொந்த ஒலிவழி அத்துணைச் சிறப்பானதன்று. ஆதலால் இலக்கங்களை ஒலியலையாக மாற்றும் தனிச் சில்லொன்றை இணைத்தோம். மூன்று கம்பிகள் அதற்குச் செய்தி கொண்டு செல்கின்றன: ஒன்று ஒவ்வொரு பிற்றுக்கும் தாளம் போடுகிறது, ஒன்று இது இடப்பக்கம், இது வலப்பக்கம் என்று பிரிக்கிறது, மற்றையது ஒலியின் இலக்கங்களைச் சுமக்கிறது. தாளம் பிசகினால் பாட்டுப் பிசகும் என்பது கூத்துக்கு மட்டுமன்று, சில்லுக்கும் பொருந்தும் என்று மாணவர் சிரித்துக்கொண்டனர். அங்கிருந்து ஒரு சிறு பெருக்கி, பழைய வானொலியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி. பற்றாசுக் கோலைப் பிடித்தவள் அம்மாணவியே. பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு, நேராகவும் பளபளப்பாகவும் அமைந்த அவளது பொருத்துக்களே விடையளித்தன.

மின்வலுவுக்கு நாலு இலிதியக் கலங்கள். கூத்து விடியும்வரை நடப்பதொன்றாகையால் பெட்டியும் அவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டுமல்லவா? திரையுட்பட முழுப் பெட்டிக்கும் ஏறக்குறைய மூன்றரை வாற்று வேண்டியிருந்தது. கலமொன்று 3.7 வோல்ற்று, 2,000 மில்லியம்பியர் மணி. விரயம் போக, ஏழு மணித்தியாலம் பாடும் என்பது கணக்கு. இக்கலங்கள் 4.2 வோல்ற்றுக்கு மேல் மின்னேற்றப்பட்டால் தீப்பற்றக்கூடியவை. காப்புச் சுற்றில்லாமல் மாணவர் இவற்றைத் தொடலாகாது என்பதை ஆசிரிய நண்பர்கள் மனங்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றரை வாற்று எமக்கொன்றை நினைவூட்டியது. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையிற் பற்றரியும் அடங்கியது. அக்காலத்திற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, தைனமோவிலிருந்து கிடைத்த மூன்று வாற்றிலேயே வீடுகள் வானொலிச் செய்தி கேட்டன, பாட்டும் கேட்டன. ஒருவர் கை வலிக்கச் சுற்றுவார். பத்துப் பேர் கேட்பார்கள். அங்கே எந்தப் பொறியியலாளரும் வந்து வகுப்பெடுக்கவில்லை. தேவை கற்பித்தது, கைகள் கற்றன. திறக்க முடியாத பெட்டிகள் அன்று இருந்திருந்தால் அந்த வீடுகள் ஊமையாகவே இருந்திருக்கும்.

மிகவும் அலைக்கழித்தது தமிழ் எழுத்து. திரையில் ‘கொலு வரவு’ என்ற தலைப்பை எழுதியபோது, கொம்பு ககரத்துக்கு முன்னே வராமல், புள்ளிவட்டமொன்றைச் சுமந்து பின்னே நின்றது. தமிழ் உயிர்மெய்யிற் குறிகள் முன்னும் பின்னும் இடம் மாறி அமைவன. எழுத்துக்களை வரிசையாக அடுக்கி மட்டும் பழகிய மென்பொருளுக்கு இது விளங்குவதில்லை. ஆங்கிலத்தில் மாற்றி விடலாமே என்றான் மாணவர்களில் ஒருவன். ஆங்கிலம் வாசிக்காத கிழவருக்கு ஆங்கிலத்திற் பெட்டி செய்வதானால், திறன்பேசிக்காரனுக்கும் எமக்கும் என்ன வேறுபாடு? தேடியதில் ஹார்ப்பஸ் என்ற எழுத்தமைப்பு மென்பொருள் கைகொடுத்தது. பாரசீகச் சொல்லாலான பெயர். ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவரால் எழுதி வளர்க்கப்பட்டு, எவரும் எடுத்தாளும்படி திறந்து விடப்பட்டது. பாடலை இயக்கும் எம்.பி.டி. என்ற மென்பொருளும், அதன்கீழ் நிற்கும் லினக்சும் அவ்வாறே பலநாட்டவரின் கூட்டுழைப்பில் விளைந்த பொதுச்சொத்து. கொம்பு தன்னிடத்திற் சென்று அமர்ந்தபோது, முகந்தெரியாத அத்தோழர்களுக்கு மாணவர் கைதட்டினார்கள்.

பலாமரப் பலகையாற் பெட்டி. திரையில் நாலே நாலு பெரிய கட்டங்கள். அதை அண்ணாவியார் முன் வைத்தோம். காய்த்த விரலால் ஒருமுறை அழுத்தினார். மத்தளம் ஒலித்தது. “மாஸ்ரர், இது என்ர விரலுக்கும் மதிப்புக் குடுக்குது” என்றார்.

அத்தோடு நின்றிருந்தால் இது ஒரு பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும். அவர் கேட்கக் கேட்கத் திருத்தத் தொடங்கினார். “உதில பின்பாட்டுக்காரன் பிந்திப்போனான்” என்றார். நாடா அறுந்து பாட்டு விடுபட்ட ஓரிடத்திற் பெட்டியை நிறுத்திவிட்டு, விடுபட்ட அடிகளைத் தாமே பாடினார். மாணவர் உடனே ஓர் ஒலிவாங்கியைப் பொருத்தினார்கள். கேட்கும் பெட்டி பதியும் பெட்டியாயிற்று. பூட்டிய பெட்டியாயின் இது நடந்திருக்குமா? நாமே செய்த பெட்டியாதலால், தேவை வந்தவிடத்தில் அதனை மாற்ற முடிந்தது. உடைமை என்பது இதுதான்.

இனி, ஒரு மறுப்பு. ‘நாமே செய்தோம்’ என்று பெருமை கொள்வது எவ்வளவுக்குத் தகும்? சில்லுகளை நாம் செய்யவில்லை. இலிதியக் கலங்கள் பலவற்றில் உள்ள கோபாற்றின் பெரும்பகுதி கொங்கோவில் தோண்டப்படுவது. அங்கே சிறுவர்களும் சுரங்கக் குழிகளில் உழைக்கிறார்கள். பிள்ளைகளின் கல்விக்கென்று தொடங்கிய ராஸ்பெரி பையின் நிறுவனமும் 2024 இல் இலண்டன் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு பெட்டியைச் செய்வதால் முதலாளித்துவம் ஆட்டங்காணும் என்று நாம் கூறவில்லை. எமது கைகள் செய்தது கடைசிப் பத்து விரற்கடை வேலைதான். ஆயினும், பெட்டியைத் திறந்து பார்த்த பின்னரே எமது மாணவர் கொங்கோவைப் பற்றிக் கேட்டார்கள். மூடிய பெட்டி பொருளை மாத்திரம் மறைக்கவில்லை. பொருளுக்குள் இருக்கும் உழைப்பையும் மறைக்கிறது. திறப்பவனுக்கே அவ்வுழைப்புக் கண்ணிற்படும்.

கணினிக் கல்வி என்றால் எவரோ செய்த மென்பொருளில் எங்கே அழுத்துவதென்று பழக்குவது என்ற எண்ணம் எமது பாடசாலைகளில் இன்னும் வலுவாக இருக்கிறது. அது வாடிக்கையாளரை உருவாக்கும் கல்வி. அதே பாடவேளையில் ஒரு பழைய வானொலியைக் கழற்றலாம். ஒரு தொடுதிரையில் ஓமின் விதியைக் காட்டலாம். ஊரிலுள்ள முதியவர் ஒருவரின் பாட்டைப் பதியலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் ஏதோவொரு அலுமாரியின் மேலே, பொலித்தீன் பையில், உதிர்ந்துகொண்டிருக்கும் நாடாக்கள் இருக்கின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் தோணிப்பாட்டும் அவற்றில் இருக்கலாம். அந்நாடாக்கள் அதிக காலம் தாங்கா. அவற்றைப் பாடியவர்களும் அவ்வாறே. ஆசிரியர்கள் அடுத்த விடுமுறைக்குள் தத்தம் ஊரில் ஒரு நாடாவையாவது தேடியெடுப்பார்களாயின், பெட்டியை மாணவர் செய்துகொள்வார்கள்.