கொல்லையில் தவிட்டுக்குருவி... உப்பளத்தில் பூநாரை!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் வந்தால் மரக்காணம். புதுச்சேரியிலிருந்து வடக்கே வருவோருக்கு 35 கிலோமீட்டர்தான். ஊரை நெருங்கும்போதே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் கண்ணில் படும். பலரும் காரை நிறுத்தி, குவியலுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இடம் வெறும் சேறும் தண்ணீரும்தான்.

ஆனால், அந்தச் சேற்றை நம்பி சைபீரியாவிலிருந்துகூட விருந்தாளிகள் வருகிறார்கள்.

காலுக்கு ஒரு பாத்தி, மூக்குக்கு ஒரு பாத்தி

உப்பளத்தில் உப்புநீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போக, வெயிலில் வற்றி உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பு குறைந்த இடத்தில் சிறு மீனும் இறாலும் இருக்கும். உப்பு ஏறிய இடத்தில் மீன் தாங்காது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு வேலை நின்றதும் பாத்திகளெல்லாம் ஆழமில்லாத குளங்களாகிவிடும். வலசைப் பறவைகள் வந்திறங்குவதும் அந்தச் சமயத்தில்தான்.

அங்கே யார் எங்கே சாப்பிடுவது என்பதைக் காலும் அலகும் முடிவு செய்கின்றன. சிவந்த குச்சிக் கால்களோடு நிற்கும் நெடுங்கால் உள்ளான் தண்ணீருக்குள் நடந்தே இரை தேடும். கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றுக்குள் ஊசிபோல இறக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டும். அதன் இளஞ்சிவப்பு நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். நிறம் ஏற இரண்டு, மூன்று வருடங்கள் ஆகும்.

ஓரத்தில் ஓடி ஓடிக் கொத்தும் கொசு உள்ளானின் எடை, மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடுகிறது!

வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்

இத்தனையும் ஒரு குழந்தைக்குப் பிடிபட வேண்டுமானால், முதல் பாடம் உப்பளத்தில் இருக்கக் கூடாது. தூரத்தில் நிற்கும் நூறு பறவைகளும் புதிதாக வருபவருக்கு ஒன்றுபோலவே தெரியும். பத்தே நிமிடத்தில், ‘எப்பம்மா கிளம்பலாம்?’ என்ற கேள்வி வந்துவிடும். வித்தியாசம் பார்க்கும் கண், வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோதான் பழக வேண்டும்.

தொடங்குவதற்குக் காக்கையே போதும். கழுத்து சாம்பல் நிறமா, உடம்பு முழுக்கக் கறுப்பா? சாம்பல் என்றால் வீட்டுக் காகம். முழுக் கறுப்பு என்றால் அண்டங்காக்கை. அடுத்து, ஆறேழாகக் கூச்சலிட்டபடி வரும் தவிட்டுக்குருவி. வாலடியில் சிவப்புப் பொட்டு வைத்த சின்னான். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு. பனைமரம் உள்ள ஊரென்றால் தூக்கணாங்குருவிக் கூடு. ஆள் வந்தாலே ஊரைக் கூட்டும் பறவைக்கு ஆள்காட்டி என்று ஏன் பெயர் வந்தது என்பதைக் குழந்தையே சொல்லிவிடும்.

அகலமான மண்தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றினால் பறவைகள் தாமாக வரும். பைனாகுலர் உடனே தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், தினம் 15 நிமிடம் போதும். பெயரைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன், ‘அது என்ன செய்யுது? அலகு எப்படி இருக்கு?’ என்று கேட்பது நல்லது.

கேள்வி கேட்கும் குழந்தைக்குப் பெரியவர்கள் தரும் மதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சாலிம் அலியே உதாரணம். 1908இல் சிறுவன் சாலிம் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கிருந்த டபிள்யூ.எஸ். மில்லார்ட் அவனை விரட்டாமல், பறவைகளைச் சேகரித்து வைத்திருந்த அலமாரிகளைத் திறந்து காட்டினார். பின்னாளில் அந்தச் சிறுவனைத்தான் ‘இந்தியாவின் பறவை மனிதர்’ என்று நாடு கொண்டாடியது.

குழந்தையின் கணக்கும் கணக்குதான்

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடத்துகிறார்கள். பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய இதில் இந்தியா 2013இல் சேர்ந்தது. வீட்டு வாசலிலேயே 15 நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி, ‘இ-பேர்ட்’ செயலியில் ஏற்றினால் போதும். குழந்தை எண்ண, பெரியவர்கள் பதிவு செய்யலாம்.

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அனுப்பிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. சிட்டுக்குருவி நாடு முழுக்க அழியவில்லை, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைகிறது என்பதும் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் இப்படித்தான் தெரியவந்தது.

மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவெளி ஏரிக்கும் இந்தக் கணக்கு முக்கியம். பறவைகள் உப்பளத்துக்கும் ஏரிக்கும் மாறி மாறிப் போய் வருகின்றன. எண்ணாதவரை இப்படிப்பட்ட ஈரநிலம் ஊர்க் கண்ணுக்குத் தரிசுதான். தரிசு என்று பெயர் வந்துவிட்டால் ஆக்கிரமிப்பும் வரும், இறால் பண்ணையும் வரும், வேட்டையும் நடக்கும். இத்தனை வகை, இத்தனை ஆயிரம் என்று எழுதி வைத்தால்தான் அதைக் காப்பாற்றக் கேட்க முடியும். கழுவெளியில் 5,151 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கிளம்பும் முன்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். காலை 6 முதல் 8 மணிக்குள் போய்விடுங்கள். பிறகு உப்பு வெளியில் கண் கூசும், ஒதுங்க நிழலும் கிடையாது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். தொப்பி, தண்ணீர் அவசியம்.

ஈ.சி.ஆரில் வண்டிகள் வேகமாக வரும். காரைச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். உப்பளம் பலருக்கு வேலை செய்யும் இடம். அனுமதி கேட்காமல் வரப்பில் இறங்கினால் மண் சரியும், அவர்களின் உழைப்பு வீணாகும். கோடையில் வரப்பு ஓரத்தில் முட்டைகளும் இருக்கலாம். மண் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் சிக்கிவிடும்.

பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறியவும் கூடாது, கை தட்டவும் கூடாது. பல ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் போவதற்காகத்தான் அவை தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரையும்.

மரக்காணம் பக்கத்துக் கிராமங்களில் வளரும் பிள்ளைகளுக்குப் பூநாரையும் கொல்லைப்புறப் பறவைதான். அங்கே போகும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் உள்ளூர்ப் பிள்ளையிடமும் பைனாகுலரைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் குழந்தைக்குத் தெரியாத இரண்டு பறவைகளின் ஊர்ப் பெயர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.