வாங்கலாமா, விடலாமா?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் வரும் பதில்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். டாக்டர், எஞ்சினியர், ஆசிரியர், வாப்பாவின் கடை, இல்லாவிட்டால் கத்தார். கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் போனால் வரும் அக்குறணைக்குச் சற்று அப்பால், மலைச்சரிவில் உள்ள ஒரு கிராமப் பாடசாலையில் இருபது வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். இந்த ஐந்தையும் விட்டு ஆறாவதாக ஒன்றைச் சொன்னவன் ஒரே ஒரு மாணவன்தான். பங்கு ஆய்வாளராகப் போகிறேன் என்றான்.

பங்கு ஆய்வாளர் என்பவர் பங்கு வாங்கி விற்பவர் அல்லர். ஒரு கம்பெனியின் கணக்குகளைப் படித்து, அதன் ஒரு பங்கு என்ன பெறும் என்று கணித்து, இன்றைய விலைக்கு அதை வாங்கலாமா விடலாமா என்று காரணங்களோடு எழுதிக் கொடுப்பவர். கொழும்புப் பங்குச் சந்தையில் 280க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பட்டியலில் உள்ளன. தரகர் நிறுவனங்கள் பலவற்றில் இதற்கென ஆய்வுப் பிரிவு உண்டு. இவை தவிர, வெளிநாட்டு வங்கிகளுக்கும் நிதியங்களுக்கும் கொழும்பிலிருந்தே ஆய்வு செய்து கொடுக்கும் நிறுவனங்களும் உள்ளன. 2003இல் தொடங்கிய அம்பா ரிசர்ச் அப்படிப்பட்ட ஒன்று. 2013இல் அதை மூடீஸ் வாங்கியது. 2019இல் மீண்டும் கைமாறி, அக்யூட்டி நொலெட்ஜ் பார்ட்னர்ஸ் என்ற பெயரைப் பெற்றது. லண்டனில் இருப்பவர் வாசிக்கும் அறிக்கையின் கணக்கு வேலையில் ஒரு பங்கு கொழும்பில் நடக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரியாத விடயம்.

ஆனால் இது நமக்கு அந்நியமான உலகம் என்று எண்ணிவிட வேண்டாம். 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தொடங்கிய காலத்தில் கைமாறிய பங்குகளில் முக்கியமானவை தேயிலைத் தோட்டக் கம்பெனிகளுடையவை. நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலைகளுக்குத்தான் அங்கே விலை பேசினார்கள்.

நான் சொன்ன மாணவன் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில், தமிழ் மொழிமூலம் படித்தவன். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்தான். வாப்பாவின் புடவைக் கடை 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மூடப்பட்டுவிட்டது. கீழே இரண்டு தங்கச்சிமார். மாமா ஒருவர் கத்தாரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். விசா வர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும்தான் அவனுக்கு இருந்த தவணை.

அதற்கு முன்னரே கொழும்பில் ஒரு நிறுவனத்துக்குப் போய் வந்திருந்தான். எழுத்துப் பரீட்சையில் சித்தி. எக்ஸெலில் ஒரு கம்பெனியின் வருங்காலக் கணக்கைக் கட்டிக் காட்டும் பரீட்சையிலும் சித்தி. கடைசியாக நேர்முகப் பரீட்சை. "இந்தப் பங்கை நீங்கள் வாங்குவீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். சில காரணங்களுக்காக வாங்கலாம், வேறு சில காரணங்களுக்காக வாங்காமலும் இருக்கலாம் என்று பதில் சொல்லியிருக்கிறான். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எனக்குப் பாடம் தெரியும் சேர். கேள்வி கேக்க ஒருத்தர்தான் இல்ல" என்று சொல்லி என்னிடம் வந்தான்.

எனக்குப் பங்குச் சந்தை தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு அதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். ஒரு கேள்வியைக் கேள். பதில் வரும்வரை வாய்மூடி இரு. பதில் வந்ததும் 'ஏன்' என்று கேள். அதற்கும் பதில் வந்தால் 'எப்படித் தெரியும்' என்று கேள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் வீட்டு விறாந்தையில் இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம்.

முதல் நாள் ஒரு கம்பெனியைப் பற்றியும் பேசவில்லை. அக்குறணை டவுனில் இரண்டு கடைகள் இருப்பதாக வைத்துக்கொள் என்றேன். இரண்டிலும் வருடத்துக்குப் பத்து இலட்சம் இலாபம். ஒன்று பிங்கா ஓயாவின் ஓரத்தில், மழை பெருத்தால் வெள்ளம் ஏறும் இடத்தில். மற்றது மேட்டில். இரண்டையும் ஒரே விலைக்கு உன் வாப்பா வாங்குவாரா? சிரித்துவிட்டான். மேட்டுக் கடைக்கு எண்பது இலட்சம் கொடுத்தால், ஆற்றோரக் கடைக்கு ஐம்பதுக்கு மேல் கொடுக்க மாட்டார் என்றான். ஏன்? எப்படித் தெரியும்? பேசப் பேச, அவன் புத்தகத்தில் படித்த 'விலை–உழைப்பு விகிதம்' அங்கே வந்து நின்றது. முதலாவது கடைக்கு எட்டு வருட இலாபம் விலை. இரண்டாவதற்கு ஐந்து வருட இலாபம். இடையில் உள்ள மூன்று வருடம் வெள்ளத்தின் விலை. இதை நமது முதலாளிமார் எந்தப் புத்தகமும் படிக்காமல் நூறு வருடமாகச் செய்து வருகிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதையே ஆங்கிலச் சொல்லில் கேட்டதும் தடுமாறுகிறார்கள்.

இத்தகைய நேர்முகப் பரீட்சைகளில் அநேகமாக வரும் ஒரு கேள்வி உண்டு. பெறுமானத்தேய்வு பத்து இலட்சம் கூடினால் மூன்று நிதிக்கூற்றுகளிலும் என்ன நடக்கும்? கம்பெனிகளுக்கான வரி 30 நூற்றுவீதம் என்றும், வரித் திணைக்களம் அதே தேய்வை ஏற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வருமானக் கூற்றில் வரிக்கு முந்திய இலாபம் பத்து இலட்சம் குறையும். வரி மூன்று இலட்சம் குறையும். ஆகவே தேறிய இலாபம் ஏழு இலட்சம் குறையும். காசுப்பாய்ச்சல் கூற்றிலோ, தேய்வு கையை விட்டுப் போன காசு அல்ல என்பதால் அந்தப் பத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். ஏழு குறைந்து பத்து கூடினால், கையில் காசு மூன்று இலட்சம் அதிகம். நிதிநிலைமைக் கூற்றில் சொத்துப் பக்கம் பத்து குறைந்து மூன்று கூடுகிறது. உரிமைப் பக்கம் ஏழு குறைகிறது. இரண்டு பக்கமும் சமன்.

இதை அவன் கடகடவென ஒப்புவித்தான். 'இலாபம் குறைந்தால் காசு எப்படிக் கூடும்?' என்று நான் கேட்டபோது நின்றுவிட்டான். அன்று முழுவதும் அந்த ஒரு கேள்விதான். கடைசியில் அவனே சொன்னான்: "லொறி பழசாகினத்துக்கு நாங்க யாருக்கும் சல்லி கொடுக்கல்ல சேர். ஆனா பழசாகிட்டெண்டு சொல்லி வரியில கொஞ்சம் மிச்சம் புடிச்சம்." நேர்முகப் பரீட்சைக்கு வேண்டியது இந்த வசனம்தான். மனனம் செய்தவனுக்கும் விளங்கியவனுக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

பயிற்சிக்கு ஒரு கம்பெனி வேண்டியிருந்தது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை எடுப்போம் என்றேன். கண்டி வாவிக்கருகே, தலதா வீதி மூலையில் நிற்கும் குயின்ஸ் ஹோட்டலைத் தெரியாதவர் யார்? அதையும் ஹோட்டல் சுவிஸையும் வைத்திருக்கும் கண்டி ஹோட்டல்ஸ் கம்பெனி (1938) பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. அதன் ஆண்டறிக்கைகளைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் யாரும் காசில்லாமல் எடுக்கலாம். ஐந்து வருட அறிக்கைகளை எடுத்தான். அறைகள் எத்தனை, அவற்றில் எத்தனை நூற்றுவீதம் நிரம்பும், ஓர் அறைக்கு என்ன விலை என்று மூன்று எண்களிலிருந்து வருமானத்தைக் கட்டினான். பெரஹர மாதத்தையும் மற்ற மாதங்களையும் பிரித்துப் போட்டான்.

அறை நிரம்புவது உல்லாசப் பிரயாணிகளைப் பொறுத்தது. நாட்டுக்கு வந்தவர்கள் 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம். 2019இல் 19 இலட்சம். 2021இல் வெறும் 1 இலட்சத்து 94 ஆயிரம். 2023இல் 14 இலட்சத்து 87 ஆயிரம். 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டியது. இந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஒன்றைக் கவனித்தான். 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் என்ன நடந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவசரகாலச் சட்டம் வந்தது. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. நம் கடைகள் எரிந்தன. அந்த வருடம்தான் அதுவரை இல்லாத அளவு உல்லாசப் பிரயாணிகள் நாட்டுக்கு வந்த வருடம். வருடத்தின் கூட்டுத்தொகையில் அந்த மார்ச் மாதம் தெரியவே இல்லை.

"இத அபாயம் எண்ட பகுதியில எழுதவா சேர்? எழுதினா வேற மாதிரி நெனப்பாங்களா?" என்று கேட்டான்.

ஏன் எழுத வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, ஹோட்டல் இருப்பது கண்டியில், எண் இருப்பது முழு நாட்டுக்கும், ஆகவே கண்டியை மட்டும் தாக்கும் ஒன்று இந்த எண்ணில் பிடிபடாது என்றான். எழுது என்றேன். பக்கத்திலேயே 2019ஐயும் வைத்தான். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்கு அடுத்து வந்த மே மாதத்தில் நாட்டுக்கு வந்தவர்கள் 37,802 பேர். முந்திய வருட மே மாதத்தில் 1,29,466 பேர். இரண்டையும் ஒரே தொனியில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினான். தன் ஊர் எரிந்ததை அப்படி எழுத அவன் எத்தனை தடவை வெட்டி எழுதினான் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்தது வட்டி வீதம். வருங்காலக் காசுக்கு இன்றைய பெறுமதி காண்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. ஐந்து வருடம் கழித்து வரும் 100 ரூபாவுக்கு, பத்து நூற்றுவீதக் கழிவில் இன்று 62 ரூபா பெறுமதி. முப்பது நூற்றுவீதக் கழிவில் 27 ரூபா மட்டும். 2022இல் திறைசேரி உண்டியலின் வட்டி 30 நூற்றுவீதத்தைத் தாண்டியது நினைவிருக்கும். ஹோட்டலின் ஒரு கதவு கூடக் கழரவில்லை. ஆனாலும் அதன் பெறுமதி பாதிக்குக் கீழே போகலாம். வாப்பாவின் கடையும் வியாபாரம் தெரியாமல் மூடப்படவில்லை என்பதை அன்று அவன் தன் கணக்கிலேயே கண்டான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், 'வாங்குவாயா?' என்று கேட்டால் அவன் இரண்டு பக்கமும் பேசினான். இது அவன் குற்றமல்ல. நமது வகுப்பறை அப்படி. ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு புள்ளித்திட்டம் இருக்கிறது. அது வேறு யாரோ எழுதியது. பிள்ளை அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பங்கு ஆய்வில் அந்தத் திட்டம் யாரிடமும் இல்லை. கேட்பவருக்கும் விடை தெரியாது. ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். முதல் வசனம் 'வாங்குவேன்' அல்லது 'வாங்க மாட்டேன்'. பிறகு இரண்டு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கடைசியில், எது நடந்தால் என் முடிவு பிழையாகும் என்று ஒரு வசனம். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். தமிழில் நான்கு வசனத்தில் சொல்ல முடியாததை ஆங்கிலத்திலும் சொல்ல முடியாது. தமிழில் தெளிவாகச் சொன்ன பிறகு, ஆங்கிலம் உடைந்து வந்தாலும் கேட்பவருக்கு விளங்கியது. அவனுடைய ஆங்கிலத்தில் பாதித் தடுமாற்றம் மொழியால் வந்தது அல்ல. முடிவெடுக்காத மனதால் வந்தது.

இந்தத் தொழில் நமக்கு ஆகுமா என்ற கேள்வியும் வந்தது. நான் மௌலவி அல்லன். அதை அவன் கேட்க வேண்டியவரிடம் போய்க் கேட்டான். நான் கவனித்தது ஒன்றுதான். ஒரு பங்கு ஷரீஆவுக்கு உட்பட்டதா என்று பார்க்க, அயோஃபி நியமம் கம்பெனியின் வட்டிக் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் 30 நூற்றுவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆகாத வருமானம் 5 நூற்றுவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இதைப் பார்த்துச் சொல்லவும் நிதிக்கூற்று வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மார்க்கத் தீர்ப்பு சொல்பவரின் பக்கத்தில் கணக்கு தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லதே.

இரண்டாவது நிறுவனத்தில் அவனுக்கு மூன்று மணித்தியாலப் பரீட்சை. தெரியாத ஒரு கம்பெனியின் கணக்குகளைக் கொடுத்து, வருங்காலக் கணக்கும் ஒரு பக்க அறிக்கையும் கேட்டார்கள். நேர்முகப் பரீட்சையில், 'வாங்க மாட்டேன்' என்று தொடங்கியிருக்கிறான். கேட்டவர் அந்தப் பங்கை வாங்கலாம் என்ற கருத்துடையவராம். இருபது நிமிடம் இருவரும் வாதாடியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவர் காட்டிய எண் சரி என்று ஒப்புக்கொண்டு, அதைச் சேர்த்தாலும் தன் முடிவு ஏன் மாறவில்லை என்று சொல்லியிருக்கிறான். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பயிலுநர் ஆய்வாளர். முதல் வருடச் சம்பளம் கத்தாரில் சொன்னதை விடக் குறைவு. மாமாவுக்கு வருத்தம்தான். உம்மா மட்டும், பிள்ளை மாதத்தில் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வரும் என்று சந்தோஷப்பட்டார்.

இப்போது விறாந்தைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தி பல்கலைக்கழக இறுதி வருட மாணவி. தன் தாத்தாவோடு வருவாள். எந்தக் கம்பெனியை எடுக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, ஒரு பெருந்தோட்டக் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். ஏன் என்றேன். அந்தத் தோட்டத்தின் லயன் வரிசை அவர்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியுமாம். கொழுந்து எடுக்கிறவர்களின் சம்பளத்தைக் கூட்டினால் அந்தக் கம்பெனியின் இலாபம் என்னவாகும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கப் போகிறாளாம்.

எப்படித் தெரியும் என்ற கேள்வியை அடுத்த கிழமைக்கு வைத்திருக்கிறேன்.