கூத்துப் பெட்டியில் ஒரு ரப்பர் முகம்

பட்டையும் சரிகையையும் பேணும் முறையை நம் மூத்தோர் நமக்குக் கற்பித்திருக்கின்றனர். மழை ஓய்ந்ததும் வெயிலிற் காட்டி, வேப்பிலை இட்டு மடித்துத் தகரப் பெட்டியில் வைப்பது எல்லா வீட்டாரும் அறிந்ததே. அம்முறை எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதைப் பதுளைத் தோட்டமொன்றில் வாழும் நாங்கள் ஒரு முகமூடியால் அறிந்தோம்.

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்து நிகழும். மன்மதன், ரதி, தூதன், வீரபத்திரன், எமன் ஆகியோரின் உடுப்புகள் எங்கள் கோயிற் பெட்டியில் இருக்கின்றன. கொழும்புக்கு வேலைக்குச் சென்ற எங்கள் பிள்ளைகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, எமனுக்கென ஒரு ரப்பர் முகமூடியை வாங்கி அனுப்பினர். கூத்து முடிந்ததும் வாத்தியார் அதைக் கையில் எடுத்து, “இதையும் வெயிலிற் போடலாமா, தம்பி?” என்றார். மொனராகலைப் பக்கம் ரப்பர்ப் பால் வெட்டிப் பழகிய உறவினர் ஒருவர், “வேண்டாம், மாமா! பட்டுக்கு மருந்தானது இதற்கு நஞ்சு” என்று தடுத்தார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து ரப்பரைச் சிதைக்கும். அது பிசுபிசுக்கும், அல்லது இறுகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் உப்பி வலுவிழக்கும். ஆகவே தேங்காயெண்ணெய் பூசிய முகத்தை நன்றாகத் துடைத்த பின்னரே முகமூடி அணிதல் வேண்டும். செம்பும் பித்தளையும் ரப்பருக்குப் பகை. சலங்கையோடும் பித்தளை நகையோடும் அதைச் சேர்த்து வைத்தலாகாது.

அன்று முதல் நாங்கள் கைக்கொள்ளும் முறை எளிது. இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து கழுவி, நிழலில் உள்ளும் புறமும் உலர்த்துகிறோம். டால்கம் பவுடரை மெல்லத் தூவி, வெள்ளைக் காகிதத்தை உள்ளே திணித்து, மடியாமல் தனிப் பெட்டியில் இருட்டில் வைக்கிறோம். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கம் மழைக்காலம். அப்போது ஈரம் ஏறாது பார்த்துக்கொள்கிறோம். லயத்து அடுப்படியின் சூடும் அதற்கு ஆகாது.

ஒரு முகமூடிக்கு இத்தனை பாடா என்று சிலர் வினவலாம். இளைஞர் பலர் தோட்டத்தை விட்டுச் செல்லும் காலம் இது. அவர்கள் பழைய பெட்டிக்குள் வைத்த முதற் பொருள் அம்முகமூடி. அது ஓராண்டிற் கெட்டிருந்தால், புதியது எதுவும் நிலையாது என்று மூத்தோர் கூறியிருப்பர். பிள்ளைகளும் மறுமுறை கைகொடுத்திரார்.

1876ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து ஹேனரத்கொடையில் வேரூன்றிய கன்றுகளால் இலங்கைக்கு ரப்பர் வந்தது. அம்மரத்தின் பாலை விடியலில் வெட்டி எடுப்போரில் நம்மவரும் உளர். அவர் உழைப்பின் பயனை அதன் இயல்பறிந்து காப்பது நம் கடமையன்றோ? வரும் மாசிக்கும் எங்கள் எமன் புதுமுகத்தோடே வருவான்.