அது பிடிவாதம் அல்ல

எல்கடுவையில் மழை தொடங்கினால் லயன் காம்பராக்களின் கதவுகள் மூடிவிடும். விறகடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். அப்படியொரு நாளில்தான் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பெற்றோருக்கு அங்கே பிறந்தவர் அவர். 2009இல் முகாம் வாழ்க்கையையும் அனுபவித்துவிட்டு, பின்னர் உறவினரைத் தேடி இங்கு வந்தவர்.

நான்கு வயது மகளைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. "சரியான பிடிவாதம் மிஸ்" என்று முதுகில் ஓர் அடி வைத்தார். அழுத பிள்ளையைத் தூக்கியபோதுதான் அவள் காதோரத்தில் காய்ந்திருந்த சீழைக் கண்டேன்.

"அலர்ஜி என்று சொன்னார்கள். முட்டை, பால், மீன், வாழைப்பழம் எல்லாம் நிறுத்திவிட்டேன். அப்படியும் காது ஓடுகிறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செல் விழுந்த நாளிலிருந்து எனக்கும் ஒரு காது மந்தம். அதுதான் இவளுக்கும் வந்திட்டுதோ?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் அவர் யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

நான் படித்தது சமூகவியல், வைத்தியம் அல்ல. மறுவாரம் பிள்ளையுடன் வத்தேகம வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறினோம். அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் டொக்டர் பொறுமையாக விளக்கினார்.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. சிறு பிள்ளைகளில் அது குட்டையாகவும் சாய்வு குறைந்தும் இருப்பதால், தடிமன் வந்தால் கிருமி சுலபமாகக் காதுக்குப் போய்விடும். புகையும், படுக்கவைத்துப் போத்தல்பால் கொடுப்பதும் இதைக் கூட்டும். செல் சத்தத்தால் தாய்க்கு வந்த காது மந்தம் பிள்ளைக்குப் பரம்பரையாக வராது. அதைக் கேட்டதும் அந்தத் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உணவு அலர்ஜி என்றால் பெரும்பாலும் சாப்பிட்டுச் சில நிமிடங்கள் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரியும். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இழுப்பு வரலாம். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். காது ஓடுகிறது என்பதற்காக மட்டும் சத்துணவை நிறுத்தினால் பிள்ளை மெலிவதுதான் மிச்சம்.

இப்போது சீழ் நின்றுவிட்டது. முட்டையும் மீனும் மீண்டும் சாப்பிடுகிறாள். ஒரு காதின் செவிப்பறைத் துவாரம் இன்னும் மூடவில்லை. அதனால் கிளினிக் தொடர்கிறது. முன்பள்ளியில் ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

சகோதரிகளே, ஓடும் காதுக்குள் எண்ணெயோ பூண்டுச் சாறோ ஊற்றாதீர்கள். சுத்தமான துணித்திரியால் ஒற்றியெடுங்கள். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பாருங்கள். காய்ச்சலுடன் காதின் பின்னால் வீங்கினால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

யுத்தம் நம் காதுகளில் விட்டுச்சென்ற சத்தம் போதும். கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளையை அடிக்க முன், அவளுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.